ஐந்தாம் சுற்று

நைரோபி, கிலிமானி, நான்காம் மாடி.
லிஃப்டில் ஏறும் முன்
காலணியில் ஒட்டிய செம்மண்ணை
வேறொரு நிறுவனத்தின் மிதியடியில் துடைத்தேன்.

உட்காரச் சொன்னது நாற்காலியில் இல்லை.
குருணை அடைத்த ஒரு மூட்டை.
உட்கார்ந்தால்
முழங்கால் முகத்துக்கு வருகிறது.
அந்தக் கோலத்தில்
என் பலங்கள் என்னென்ன என்று நான் சொல்ல வேண்டும்.

கிப்கெமோய், என் தம்பியைவிடச் சின்னவன்,
"பசியோடு இருப்பவர்கள்தான் எங்களுக்கு வேண்டும்" என்றான்.
விடிகாலையில் ஒரு மண்டாசி, பால் இல்லாத தேநீர்,
பிறகு இரண்டு மத்தாத்து, நெரிசல், மழை.
அந்தத் தகுதி இருக்கிறது என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. தட்டச்சு செய்துகொண்டான்.

நிறுவனர் சுவரில் இருந்தார்,
கோபன்ஹேகனிலிருந்து, திரையில்.
"நாங்கள் ஒரு கம்பெனி இல்லை, ஒரு..."
அங்கேயே உறைந்துபோனார், வாய் திறந்தபடி.
ஏழு நிமிடம்
நானும் கிப்கெமோயும்
அந்த வாயை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.
மறுபடி உயிர் வந்தபோது
"...அதனால் சம்பளத்தைப் பற்றி இப்போது வேண்டாம்" என்றார்.

நீங்கள் ஒரு விலங்கென்றால் எந்த விலங்கு?
கழுதைப்புலி என்றேன்.
மிச்சத்தைத் தின்று பிழைக்கும்,
சிரிப்பதுபோலத் தெரியும்.
அதையும் தட்டச்சு செய்துகொண்டான்.

இரண்டாம் சுற்றில் அதே கேள்விகள், வேறு டி-ஷர்ட்.
மூன்றாம் சுற்றுக்கு வந்தவள்
என்னை நியம்புரா என்று கூப்பிட்டாள்.
நியபோகே என்று திருத்தினேன்.
"சரி, நியம்புரா."

நான்காம் சுற்று வீட்டுப்பாடம்.
தவணை தவறியவர்களுக்கு நாற்பது குறுஞ்செய்தி,
சுவாஹிலியில், விடிவதற்குள்.
சும்மா ஒரு பரிசோதனைக்குத்தான்,
எதற்கும் பயன்படுத்த மாட்டோம்.

பன்னிரண்டாவது செய்தியில் டேட்டா தீர்ந்தது.
அடுத்த கதவு அகோத்திடம் இருநூறு ஷில்லிங் வாங்கினேன்.
கவாங்வாரேயில் அன்று கரண்ட் இல்லை.
மடிக்கணினிக்கு நாற்பத்தொரு சதவீத உயிர்.
எப்படிக் கேட்டால் ஒருத்திக்கு முகம் சுருங்காது
என்று எனக்குத் தெரியும்.
கேட்கப்பட்டுப் பழக்கம் உண்டு.
முப்பத்தேழாவதை மட்டும் ஏழு முறை எழுதினேன்:

*மாதம் உங்களையும் நெருக்குகிறது என்று அறிவோம்.
இன்று முடிந்தால் கட்டுங்கள், தஃபதாலி.
முடியாவிட்டால், என்றைக்கு என்று மட்டும்
ஒரு வார்த்தை, தஃபதாலி.*

தயவுசெய்து என்பதற்கு எங்கள் சொல் அது.
என் வீட்டில் அது இல்லாமல்
உப்புக்கூடக் கை மாறாது.

பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது.
அன்புள்ள நியம்புரா,
உங்கள் திறமை எங்களை மிகவும் கவர்ந்தது,
ஆனால்.

ஆனாலுக்குப் பிறகு நான் படிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம்
ஒமேனா கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்துவிட்டு
அகோத் கைபேசியை நீட்டினாள்.
கண்ணாடி உடைந்துவிட்டது, என்ன போட்டிருக்கிறான் படி.

படித்தேன்.
மாதம் உங்களையும் நெருக்குகிறது என்று அறிவோம்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
மீதியையும் படித்தேன்.

அகோத் கொஞ்ச நேரம் கூடையைப் பார்த்தாள்.
"இதை எழுதியவளுக்கும் கடன் இருந்திருக்கும் போல.
இல்லையென்றால் இப்படி வராது" என்றாள்.
எழுதியவள் என்று ஏன் சொன்னாள், தெரியவில்லை.
இருக்கும் என்றேன்.
என் இருநூறு ஷில்லிங்
எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.
இருவருமே அதைப் பேசவில்லை.

அவளிடம் சொல்லாதது இன்னொன்றும் உண்டு.
அந்தத் திரையில்
இரண்டு தஃபதாலியும் இல்லை.
வெட்டிவிட்டிருந்தார்கள்.

வாசிக்கும்போது
நான்தான் சேர்த்துக்கொண்டேன்.